போர்க்கால லண்டன் சிறார்களின் மனப்பதற்றமும் குடும்பத்தின் இடமும்

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய வாரத்தில் பிரித்தானிய அரசு தன் பெருநகரங்களின் பள்ளிப் பிள்ளைகளைக் குண்டுவீச்சிலிருந்து காப்பாற்ற நாட்டுப்புறத்துக்கு அனுப்பியது. உயிரைக் காக்கச் செய்த இந்த ஏற்பாடு, யாரும் திட்டமிடாத ஒரு பெரிய ஆய்வாகவும் ஆகிவிட்டது. லட்சக்கணக்கான பிள்ளைகள் ஓரிரு நாட்களுக்குள் பெற்றோரைப் பிரிந்தபோது அவர்களை எது அச்சுறுத்துகிறது, எது தேற்றுகிறது என்பதை ஆசிரியர்களும் மருத்துவர்களும் செவிலியரும் நேரில் கண்டார்கள். சிறுவர்களின் மனப்பதற்றம் பற்றி இன்று பொது அறிவாக இருக்கும் பலவும் அந்த ஆண்டுகளில்தான் உருவாயின. அப்போது தெரியவந்த செய்தி எளிமையானது. ஆனால் மருத்துவமனைகளும் அரசு அலுவலகங்களும் அதை ஏற்றுக்கொள்ள ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன.

எதிர்பார்த்த பீதி

1930களில் பிரித்தானியர்கள் வரப்போகும் போரை வானத்திலிருந்து வரும் போராகவே கற்பனை செய்தார்கள். முதல் நாளிலேயே லண்டன் தரைமட்டமாகும் என்று பலர் நம்பினார்கள். உடற்காயங்களைவிட மனக்கோளாறுகளே அதிகமாக இருக்கும் என்பது மருத்துவர்களின் கணிப்பு. காயம்பட்ட ஒவ்வொருவருக்கும் மனம் குலைந்தவர்கள் மூவர் இருப்பார்கள் என்றும், முதல் ஆறு மாதங்களில் அத்தகைய நோயாளிகள் 30 முதல் 40 லட்சம் வரை இருக்கலாம் என்றும் 1938இல் லண்டன் மனநல மருத்துவர்கள் சிலர் சுகாதார அமைச்சகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. 1940 செப்டம்பர் 7 முதல் லண்டன்மீது இரவுதோறும் குண்டு விழத் தொடங்கியபோது மக்கள் அஞ்சினார்கள், தூக்கமிழந்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஓர் இரவில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்திருந்தார்கள். ஆனாலும் மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போனார்கள். கணித்த அளவில் மனநோயாளிகள் வந்து சேரவில்லை. கூட்டமாக, தெரிந்தவர்களோடு இருக்கும் மனிதர்கள் ஆபத்தை எவ்வளவு தூரம் தாங்குவார்கள் என்பதை வல்லுநர்கள் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். பிரிவு என்ன செய்யும் என்பதைப் பற்றியோ அவர்கள் யோசிக்கவே இல்லை.

1939 செப்டம்பர்

சர் ஜான் ஆண்டர்சன் தலைமையிலான குழு 1938இல் இடப்பெயர்ப்புத் திட்டத்தை வகுத்தது. நாடு மூன்று வகைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது: பிள்ளைகளை அனுப்பும் பகுதிகள், ஏற்கும் பகுதிகள், இரண்டும் இல்லாத நடுநிலைப் பகுதிகள். யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்பவில்லை. பெற்றோர் விரும்பினால் பெயர் கொடுக்கலாம். 1939 செப்டம்பர் 1 அன்று ரயில்கள் புறப்பட்டன. சில நாட்களுக்குள் அரசுத் திட்டத்தின்கீழ் சுமார் 15 லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெற்றோர் இல்லாமல் ஆசிரியர்களோடு போன பள்ளிப் பிள்ளைகள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் தாயோடு போனார்கள்.

போக்குவரத்து ஏற்பாடு என்ற அளவில் அது பெரிய சாதனைதான். அட்டவணை போட்டவர்களின் கவனத்துக்கு வராதவை வேறு. பிள்ளை எந்த ஊருக்குப் போகிறது என்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் நச்சுவாயு முகமூடிப் பெட்டி, கையில் ஒரு பை. போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளை எழுதிப் போடும் அஞ்சலட்டை வந்தால்தான் வீட்டுக்கு முகவரி தெரியும். போய் இறங்கிய ஊரில் பல இடங்களில் பிள்ளைகளைப் பொதுக்கூடத்தில் நிறுத்திவைத்தார்கள். ஊரார் வந்து பார்த்து, வேண்டியவரைப் பொறுக்கி அழைத்துப் போனார்கள். வயல்வேலைக்கு உதவும் பையனும், துப்புரவாக உடுத்திய சிறுமியும் முதலில் போனார்கள். கடைசிவரை யாரும் கேட்காமல் நின்ற பிள்ளைகள் அந்த மாலையை முதுமையிலும் மறக்கவில்லை என்பதை அவர்கள் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்புகளில் காணலாம். அண்ணன் தம்பிகளை, அக்கா தங்கைகளைப் பிரித்து வெவ்வேறு வீடுகளில் விட்டதும் நடந்தது.

வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டால் வாரத்துக்குப் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். ஒன்றுக்கு மேல் வைத்துக்கொண்டால் தலைக்கு எட்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். இந்தத் தொகையைப் பெற்ற வீட்டாரின் முதல் புகார் படுக்கையை நனைப்பது பற்றியது. இது பத்திரிகைகளில் பெரிய விவாதமே ஆனது. நகரத்து ஏழைகள் பிள்ளைகளை ஒழுங்காக வளர்க்கவில்லை என்றார்கள் சிலர். அவர்களில் பலர் வீட்டில் இருந்தவரை அப்படிச் செய்ததில்லை என்பதும், புதிய இடம் பழகியதும் அந்தப் பழக்கம் நின்றது என்பதும் மெதுவாகத்தான் புரிந்தன. பகலில் ‘நல்ல பிள்ளை’யாக, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி இருந்த சிறுவனின் பதற்றம் இரவில் படுக்கையில் வெளிப்பட்டது. சமூகக்கொள்கை அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் இந்த இடப்பெயர்ப்பின் அரசு வரலாற்றை 1950இல் வெளியிட்டபோது, இந்த விஷயத்தை ஒதுக்காமல் விரிவாகவே எழுதினார்.

முதல் சில மாதங்களில் குண்டு விழவில்லை. பெற்றோர் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். 1940 ஜனவரிக்குள் போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பிவிட்டார்கள். தாய்மார்களின் காதில் ஹிட்லர் வந்து ‘அழைத்துப் போ’ என்று ஓதுவதாக அரசு சுவரொட்டி அச்சிட்டது. தாய்மார்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அறிவில்லாத தாய்ப்பாசம் என்று அதிகாரிகள் நினைத்தது, பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டறிந்ததோடு ஒத்துப்போயிற்று என்பதே இந்த வரலாற்றின் வேடிக்கை.

கேம்பிரிட்ஜில் கேட்ட கேள்வி

லண்டனின் டாட்டன்ஹாம், இஸ்லிங்டன் பகுதிகளிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளைக் கல்வியாளரும் உளவியலாளருமான சூசன் ஐசக்ஸ் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1941இல் நூலாக வந்தது. அந்த ஆய்வின் சிறப்பு, பிள்ளைகளையே கேட்டதுதான். கேம்பிரிட்ஜில் பிடித்தது என்ன, இங்கே இல்லாமல் ஏங்குவது எதற்கு என்ற இரண்டு தலைப்புகளில் அவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். முதல் தலைப்பில் ஆறும் புல்வெளியும் வந்தன. இரண்டாவதில் முதன்மையாக வந்தவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் நண்பர்களும். அரசு இடத்தைப் பற்றிக் கவலைப்பட்டது. பிள்ளைகள் ஆட்களைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

இதிலிருந்து குழு கண்ட நடைமுறை முடிவுகள் ஆடம்பரமில்லாதவை. உடன்பிறந்தவர்களைச் சேர்த்தே வைக்க வேண்டும். பள்ளித் தோழர்கள் நடந்து போய்ச் சந்திக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். பெற்றோர் வந்து பார்க்க வழி செய்ய வேண்டும். கூடவே வந்த ஆசிரியர்கள், வந்த வீட்டுக்கும் விட்டுவந்த வீட்டுக்கும் இடையே ஆற்றிய பணியையும் குறைத்து மதிப்பிட முடியாது. தன் பழைய தெருவை அறிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தது பல பிள்ளைகளுக்குப் பிடிமானமாக இருந்தது.

இதே போரில் சென்னையும் காலியானது. 1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டபின், சென்னைவாசிகளில் பெரும்பகுதியினர் ஊரைவிட்டுப் போனார்கள். ‘எவாகுவேஷன்’ என்றே பழைய தலைமுறையினர் அதை நெடுங்காலம் நினைவுகூர்ந்தார்கள். இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சென்னைக் குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு, பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒன்றாக, பெரும்பாலும் சொந்த ஊருக்கோ உறவினர் வீட்டுக்கோ போயின. லண்டன் பிள்ளை தனியாக, முன்பின் தெரியாதவர் வீட்டுக்குப் போயிற்று.

ஒரு கடிதம்

மருத்துவர்களில் சிலர் முன்பே எச்சரித்தார்கள். ஜான் பௌல்பி, இம்மானுவல் மில்லர், டொனால்ட் வினிகாட் ஆகிய மூவரும் எழுதிய கடிதம் 1939 டிசம்பர் 16 அன்று பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியானது. இரண்டு முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாய் இல்லாமல் அனுப்புவது பெரும் உளவியல் சிக்கல்களைக் கொண்டுவரும் என்பது அதன் சாரம். மூவரும் அப்போது பொதுமக்களுக்கு அறிமுகமானவர்கள் அல்லர். கடிதத்தால் உடனே எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் பௌல்பி வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ‘பற்றுறவு’ என்னும் கருத்தின் விதை அதில் இருந்தது.

ஹாம்ஸ்டெட் குழந்தைகள் இல்லம்

ஆன்னா ஃபிராய்டு 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவிலிருந்து தந்தை சிக்மண்ட் ஃபிராய்டுடன் லண்டன் வந்தவர். 1941 தொடக்கத்தில், அமெரிக்கரான டோரதி பர்லிங்காமுடன் சேர்ந்து லண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் குண்டுவீச்சால் வீடிழந்த குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். பின்னர் கைக்குழந்தைகளுக்கு ஒரு வீடும், எசெக்ஸ் நாட்டுப்புறத்தில் ஒரு வீடும் சேர்ந்தன. செலவுக்கு அமெரிக்க அறநிறுவனம் ஒன்று பணம் அனுப்பியது. அங்கிருந்து கிடைத்த கண்டறிதல்களை இருவரும் போர்க்காலத்திலேயே நூல்களாக வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டதில் முதன்மையானது இது: பக்கத்தில் தாயோ பழகிய பெரியவரோ இருக்கும்வரை சிறு குழந்தைக்குக் குண்டுவீச்சு மனத்தில் ஆழமாகப் பதிவதில்லை. குடும்பம் கலையும் கணத்தில்தான் போர் அதற்குப் பெரும் துன்பமாகிறது. தாயோடு குண்டுவீச்சில் அகப்பட்டு உயிர்தப்பிய குழந்தைகள் சில நாட்களில் தெளிந்து விளையாடினார்கள். பாதுகாப்பான கிராமத்தில் தனியாக விடப்பட்ட குழந்தைகள் உணவை மறுத்தார்கள், பேச்சில் பின்தங்கினார்கள், பழகிய நற்பழக்கங்களை இழந்தார்கள்.

ஆனால் தாய் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதுமா? இல்லத்துப் பதிவுகளில் ஐந்து வயதுப் பையன் ஒருவனின் கதை உண்டு. அவன் தாய்க்கு வான்தாக்குதல் என்றால் நடுக்கம். அபாயச்சங்கு ஒலித்தால் அவள் படுக்க மாட்டாள். அவனையும் எழுப்பி உடையணியச் செய்து, தன் கையைப் பிடித்தபடி நிற்கவைப்பாள். அவனும் நடுங்கினான், படுக்கையை நனைத்தான். இல்லத்தில் மற்றக் குழந்தைகளோடு இருந்தபோது அதே சங்கொலி அவனைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. குழந்தையின் அச்சங்களை வகைப்படுத்திய ஆன்னா ஃபிராய்டு, தாயிடமிருந்து தொற்றிக்கொள்ளும் அச்சத்தையும் ஒரு தனி வகையாகவே குறித்தார். பிள்ளையின் பதற்றத்தைக் குறைக்க நினைக்கும் வீட்டில் முதலில் யாருடைய பதற்றத்தைக் கவனிக்க வேண்டும் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

அந்தத் தாயைக் குறை சொல்வது எளிது. இரவெல்லாம் குண்டு விழும் தெருவில், கணவன் போர்முனையில் இருக்க, ஒருத்தி தனியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் நடுங்காமல் என்ன செய்வாள்? இல்லம் அவளையும் உள்ளே விட்டது. பெற்றோர் எந்த நேரமும் வரலாம் என்பது அங்கே விதி. அக்காலத்தில் மற்ற விடுதிகள் அப்படி இல்லை. தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது, ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்பது அங்கெல்லாம் நடைமுறை. ஆன்னா ஃபிராய்டின் கணக்கு வேறு. வந்து போகும்போது அழுகிற குழந்தை தாயை இன்னும் மனத்தில் வைத்திருக்கிறது. அழாத குழந்தை கைவிட்டுவிட்டது. பிரிவு தவிர்க்க முடியாததானால் அதைச் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். முதலில் தாய் கூடவே இருந்து, பின் தினமும் வந்து, பின் இடைவெளி விட்டு வர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

இல்லத்திலேயே செய்த ஒரு மாற்றமும் நினைவில் வைக்கத் தக்கது. ஆரம்பத்தில் எல்லாச் செவிலியரும் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குழந்தைகளை நான்கைந்து பேர் கொண்ட சிறு ‘குடும்பங்களாக’ப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே செவிலியைப் பொறுப்பாக்கினார்கள். முதல் நாட்களில் இல்லம் அமளிப்பட்டது. அதுவரை சாதுவாக இருந்த குழந்தைகள் ‘தன்’ செவிலியை வேறொரு குழந்தை தொட்டால் கடித்தார்கள். அவள் அறையைவிட்டு வெளியே போனால் அலறினார்கள். நிர்வாகக் கண்ணுக்கு இது பின்னடைவு. சில வாரங்களில் அமளி அடங்கியது. அதே குழந்தைகள் பேச்சிலும் பழக்கங்களிலும் வேகமாக முன்னேறினார்கள். முந்தைய அமைதி நலத்தின் அடையாளம் அல்ல, ஒட்டுவதற்கு ஆளில்லாமையின் அடையாளம் என்பது அப்போது புரிந்தது.

யாரும் வேண்டாத பிள்ளைகள்

எந்த வீட்டாராலும் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகளும் இருந்தார்கள். திருடினார்கள், தீ வைத்தார்கள், ஓடிப்போனார்கள். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் இவர்களுக்கென்றே விடுதிகள் நடந்தன. டாக்டர் வினிகாட் அங்கே வாரந்தோறும் போய்வந்தார். அன்றாடப் பொறுப்பு சமூகப் பணியாளர் கிளேர் பிரிட்டனுடையது. (இருவரும் 1951இல் மணம் செய்துகொண்டார்கள்.) சொற்களால் செய்யும் சிகிச்சையைவிட மாறாத ஒரு கூரை, மாறாத ஒரு விடுதிக் காப்பாளர், நேரத்துக்கு வரும் உணவு ஆகியவையே அங்கே மருந்து என்பதை வினிகாட் அந்த விடுதிகளில்தான் கற்றுக்கொண்டார். பிள்ளைகள் முரண்டுபிடித்து, உடைத்து, வசைபாடி, இந்தப் பெரியவர் நம்மைக் கைவிடுவாரா என்று சோதித்துப் பார்ப்பார்கள். சோதனையில் தாக்குப்பிடித்த பெரியவரைத்தான் நம்புவார்கள்.

அது எளிதல்ல என்பதை அவர் தன் வீட்டிலேயே அறிந்தார். ஓடிப்போகும் வழக்கமுள்ள ஒன்பது வயதுப் பையன் ஒருவனை அவரும் அவருடைய முதல் மனைவியும் மூன்று மாதம் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பையன் வெறிகொள்ளும்போது அவனை வாசலுக்கு வெளியே விடுவார். அங்கே ஒரு தனி மணி இருந்தது. அதை அடித்தால் கதவு திறக்கும். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச மாட்டார்கள். தனக்கு அந்தப் பையன்மேல் வெறுப்பு வந்தது என்பதையும் வினிகாட் மறைக்காமல் எழுதினார். பிள்ளை வளர்ப்பில் பெரியவர்களுக்கு வரும் சினத்தை ஒரு மருத்துவர் இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது அந்நாளில் அரிது.

போர் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பியபோது புதிய சிக்கல் வந்தது. எட்டு வயதில் போனவன் பதின்மூன்று வயதில் வேறு பேச்சுவழக்கோடு திரும்பினான். தாய்க்கு அவன் அந்நியன். அவனுக்குத் தாய் அந்நியள். சிலர் வளர்த்த வீட்டுக்காக ஏங்கினார்கள். வளர்த்த வீட்டார் பலர் உண்மையான அன்பு காட்டியிருந்தார்கள். சில உறவுகள் வாழ்நாள் முழுதும் நீடித்தன. பிள்ளை திரும்பியதும் மகிழ்ச்சியை எதிர்பார்க்காமல், அதன் கோபத்துக்கும் சந்தேகத்துக்கும் கொஞ்சகாலம் இடம் கொடுங்கள் என்ற பொருளில் வினிகாட் 1945இல் வானொலியில் பெற்றோரிடம் பேசினார்.

ஆறு குழந்தைகள்

1945இல் தெரேசியன்ஸ்டாட் நாஜி முகாமிலிருந்து மீட்கப்பட்ட ஆறு குழந்தைகள் இங்கிலாந்தின் சசெக்ஸில் ஒரு வீட்டில் தங்கவைக்கப்பட்டார்கள். எல்லோருக்கும் மூன்று நான்கு வயது. பெற்றோர் கொல்லப்பட்டிருந்தார்கள், நினைவு தெரிந்த நாள் முதல் அவர்களுக்கு நிலையான பெரியவர் யாரும் இல்லை. பொம்மைகளை உடைத்தார்கள், செவிலியரை அடித்தார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் விட்டு ஒரு நிமிடம்கூடப் பிரியவில்லை. ஒருவர் நடையில் பின்தங்கினால் மற்றவர்கள் நின்றார்கள். உணவை முதலில் மற்றவருக்குக் கொடுத்துவிட்டே உண்டார்கள். உடன்பிறந்தாரிடம் காணும் பொறாமை அவர்களிடம் ஏறக்குறைய இல்லை. அவர்களைப் பார்த்துக்கொண்ட சோஃபி டானுடன் சேர்ந்து ஆன்னா ஃபிராய்டு எழுதிய கட்டுரை 1951இல் வந்தது.

அந்த ஆறு பேரும் துன்பமில்லாமல் இருந்தார்கள் என்பதல்ல. அச்சமும் அமைதியின்மையும் அவர்களிடம் நிறையவே இருந்தன. ஆயினும் மனம் சிதைந்துபோகாமல் அவர்களைக் காத்தது அவர்களின் சிறு கூட்டமே. தாய் இல்லாத இடத்தில் வேறெதுவும் பயன்படாது என்று கருதியவர்களுக்கு இது எதிர்பாராத செய்தி.

உலைக்காரரின் கடிகாரம்

ஹாம்ஸ்டெட் இல்லத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளவும் சில்லறை வேலைகள் செய்யவும் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்றொருவர் இருந்தார். ஸ்காட்லாந்தின் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். மனசாட்சியின் பேரில் போர்ச்சேவையை மறுத்தவர். மனைவி ஜாய்ஸ் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். இல்லத்தில் யாராக இருந்தாலும், உலைக்காரர் உட்பட, கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதித் தர வேண்டும் என்பது ஆன்னா ஃபிராய்டின் விதி. ராபர்ட்சன் பார்க்கவும் எழுதவும் கற்றது அந்த அட்டைகளில்தான். போருக்குப் பின் சமூகப் பணியில் பயிற்சி பெற்று, 1948இல் பௌல்பியின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். மருத்துவமனைக் குழந்தைகளைக் கவனிப்பது அவருக்குத் தரப்பட்ட வேலை.

நம் ஊர் அரசு மருத்துவமனையில் குழந்தையைச் சேர்த்தால் தாயும் கட்டிலடியில் பாய் விரித்துப் படுப்பது வழக்கம். அதனால் அன்றைய பிரித்தானிய நிலைமை நமக்குச் சட்டென்று விளங்காது. அங்கே குழந்தைகள் வார்டில் பெற்றோருக்கு அனுமதி வாரத்துக்கு ஓரிரு மணிநேரம். முதல் மாதம் பார்க்கவே கூடாது, குழந்தை தூங்கும்போது எட்டிப் பார்க்கலாம் என்று விதித்த பெரிய மருத்துவமனையும் லண்டனில் இருந்தது. தொற்றுநோய்ப் பயம் ஒரு காரணம். வார்டு அமைதியாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

குழந்தை மூன்று கட்டங்களைக் கடப்பதை ராபர்ட்சன் கண்டார். முதலில் அழுது எதிர்க்கிறது. அடுத்து துயரத்தில் ஒடுங்குகிறது. இறுதியில் விலகிப்போகிறது, யார் வந்தாலும் சிரிக்கிறது, தாயிடம் மட்டும் ஒட்டுவதில்லை. இரண்டாம் மூன்றாம் கட்டங்களைத்தான் வார்டில் ‘பழகிவிட்டது’ என்று சொல்லி வந்தார்கள். அவர் எடுத்துச்சொல்லியும் மருத்துவர்கள் நம்பவில்லை. ஆகவே சிறு கேமரா ஒன்றோடு வார்டுக்குள் போனார். அறுவை சிகிச்சைக்காக எட்டு நாட்கள் தங்கிய இரண்டரை வயதுச் சிறுமியைப் படமெடுத்தார். அழும் நேரமாகப் பார்த்து எடுத்ததாக யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, முன்கூட்டியே குறித்த நேரங்களில் மட்டும் எடுத்தார். அதற்குச் சாட்சியாக வார்டுக் கடிகாரம் படச்சட்டத்தில் தெரிந்தது.

அந்தச் சிறுமி அதிகம் அழவில்லை என்பதே படத்தின் வலிமை. முகத்தை இறுக்கிக்கொண்டு, இடையிடையே அம்மாவைக் கேட்டாள். 1952 நவம்பரில் லண்டனில் மருத்துவர்களின் சபையில் படம் திரையிடப்பட்டபோது பலர் கொதித்தெழுந்தார்கள். மருத்துவமனைகளை இழிவுபடுத்துகிறது, விதிவிலக்கான குழந்தை என்றெல்லாம் கண்டனம் வந்தது. ஆனால் பார்த்தவர்களில் சிலருக்குத் தங்கள் வார்டு வேறு மாதிரி தெரியத் தொடங்கியது. அமர்ஷம் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் டெர்மட் மெக்கார்த்தி தன் வார்டைத் தாய்மார்களுக்குத் திறந்துவிட்டார். நியூகாசிலில் சர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920களிலேயே தாயையும் சேயையும் ஒன்றாகத் தங்கவைத்து வந்ததும் அப்போது கவனம் பெற்றது.

சர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு 1959இல் அறிக்கை தந்தது. பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு குழந்தையோடு தாய் தங்க வசதி வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டோடு நின்றுவிடுமோ என்ற நிலையில் அதை வார்டுக்குள் கொண்டுபோனவர்கள் தாய்மார்கள். ராபர்ட்சனின் பத்திரிகைக் கட்டுரைகளையும் தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் பார்த்து, 1961இல் லண்டனின் பாட்டர்சீ பகுதித் தாய்மார்கள் சிலர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். தங்கள் பகுதி மருத்துவமனைகளை நேரில் அணுகி, அறிக்கையைக் காட்டி, அனுமதி கேட்டார்கள். சில ஆண்டுகளில் அது நாடு தழுவிய சங்கமாயிற்று.

மறுப்புகள்

இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்துக்காக பௌல்பி 1951இல் எழுதிய அறிக்கை, தாய் ஒரு கணமும் பிரியக்கூடாது என்பதுபோல் பொதுமக்களிடம் பரவியது. போர்க்காலத்தில் தொழிற்சாலைப் பெண்களுக்காகத் திறந்த பகல்நேரக் காப்பகங்கள் ஏற்கெனவே மூடப்பட்டு வந்தன. வேலைக்குப் போகும் தாய் குற்றவாளியாக்கப்பட்டாள். மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் 1972இல் வெளியிட்ட நூல் இதைத் திருத்தியது. பிரிவு ஒன்றல்ல, பல வகை. எதிலிருந்து பிரிகிறது, யாரிடம் போகிறது, அங்கே என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் என்று அவர் காட்டினார். தந்தை, பாட்டி, உடன்பிறந்தார், ஆசிரியர் என்று ஒட்டுறவுகள் பல என்பதும் தெளிவானது. ஹாம்ஸ்டெட் செவிலியரும் அந்த ஆறு குழந்தைகளும் முன்பே காட்டியதுதான் இது.

ராபர்ட்சன் தம்பதியின் வீடு

பிரிவு வந்தே தீரும் என்றால் அதன் பதற்றத்தை எவ்வளவு தணிக்கலாம் என்பதை ஜேம்ஸ், ஜாய்ஸ் ராபர்ட்சன் இருவரும் 1960களில் தங்கள் சொந்த வீட்டிலேயே சோதித்தார்கள். தாய் மருத்துவமனைக்குப் போகவிருந்த நான்கு சிறு குழந்தைகளை ஒவ்வொருவராக அழைத்து வைத்துக்கொண்டார்கள். பிரிவுக்கு முன்பே குழந்தை வந்து வீட்டைப் பழகிக்கொண்டது. வரும்போது தன் போர்வையையும் பொம்மையையும் கொண்டுவந்தது. அதன் வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறது, எப்படித் தூங்குகிறது என்பதை ஜாய்ஸ் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்படியே செய்தார். தாயின் புகைப்படம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. தந்தை வந்து பார்த்தார். தாயைப் பற்றிப் பேசுவதை யாரும் தவிர்க்கவில்லை. குழந்தைகள் அழுதார்கள், சிணுங்கினார்கள், சில நேரம் கோபப்பட்டார்கள். ஆனால் சாப்பிட்டார்கள், விளையாடினார்கள், தாய் திரும்பியபோது அவளிடம் ஓடினார்கள்.

அதே ஆண்டுகளில் தம்பதி படமெடுத்த இன்னொரு குழந்தை, பதினேழு மாதச் சிறுவன். தாயின் பிரசவத்துக்காக ஒன்பது நாட்கள் காப்பகம் ஒன்றில் விடப்பட்டான். அங்கிருந்த இளம் செவிலியர் அன்பானவர்களே. ஆனால் வேலைமுறை மாற மாற ஆள் மாறிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒவ்வொருவரிடமும் போய் ஒட்டப் பார்த்தான். ஒட்டியதும் அவர் போய்விடுவார். நாளடைவில் ஒரு பெரிய கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தான். ஒன்பதாம் நாள் தாய் வந்து தூக்கியபோது அவன் கதறினான், முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவள் மடியில் உட்கார மறுத்துத் தந்தையிடம் தாவினான். அந்தப் படம் 1969இல் வெளிவந்தது.